பெரிய ‘கே’, சின்ன ‘கே’ பஞ்சாயத்து

ஏலே தம்பி, அந்தப் பெட்டியை மூடி வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. விடிஞ்சதுல இருந்து பாக்கேன், திண்ணையில சம்மணம் போட்டு அதையே மொறைச்சுக்கிட்டு இருக்க. கருப்பட்டிக் காப்பியில ஈ விழுந்து நீச்சல் பழகி முடிச்சுட்டு. உங்க ஆச்சி ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டா. பய முகம் தொங்கிக் கெடக்கே, பொண்ணு கிண்ணு விவகாரமோன்னு அவளுக்குச் சந்தேகம். "அதெல்லாம் இல்லட்டி, கம்ப்யூட்டருக்குப் புது வேசம் கட்டிவிட்டான், அது ஆட மாட்டேங்குது"ன்னு நான்தான் சமாளிச்சு அனுப்பினேன்.

என்ன சொல்லுது அது? ‘நோ சச் ஃபைல்’ங்குதா? ஃபைல் கண்ணு முன்னால கல்லு மாதிரி கெடக்கு. அது இல்லவே இல்லைன்னு சாதிக்குது. பந்தல்ல மாப்பிள்ளையை உக்கார வச்சிக்கிட்டே "மாப்பிள்ளையை இன்னும் காணமே"ன்னு தேடுனானாம் ஒருத்தன், அந்தக் கதை. நீ என்னடான்னா அப்டேட் போட்டவன் கெடுத்துட்டான்னு அவன் ஏழு தலைமுறையை இழுத்து வச்சுத் திட்டுத. அந்த மனுசனுக்கு இந்நேரம் பொரை ஏறித் தண்ணி தேடிக்கிட்டு இருப்பான். குத்தம் யார் மேலன்னு நிதானமா விசாரிப்போம். எனக்கென்ன, நான் எட்டாங்கிளாஸ் பெயில். தப்பாச் சொன்னா நீ திருத்திக்கோ.

ஆனா ஒண்ணு. கேஸ் விஷயத்துல மட்டும் என்னை அசைக்க முடியாது. 31 வருஷம் கேஸ் முன்னால நின்னவன் நான். போலீஸ் கேஸ் இல்லலே, அச்சாபீஸ் கேஸ். ஜங்ஷன் பக்கத்துல ஒரு பிரஸ்ஸுல கம்பாசிட்டர். மரத்தட்டு, அதுக்குள்ள குட்டிக் குட்டி அறை, அறைக்குள்ள ஈய எழுத்து. இங்கிலீஷுக்கு மேல சாச்சு வச்ச தட்டுல பெரிய எழுத்து கெடக்கும். கைக்குப் பக்கத்துல கீழ் தட்டுல சின்ன எழுத்து. மேல் தட்டு அப்பர் கேஸ், கீழ் தட்டு லோயர் கேஸ். நீங்க கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு ‘கேஸ் சென்சிட்டிவ்’னு பேசுதியளே, அந்தக் கேஸ் வெள்ளைக்காரன் அச்சாபீஸ் மரத்தட்டுதான். எங்க தட்டுப் பேரை வச்சுக்கிட்டே எனக்கு வெளக்கம் சொல்ல வந்துட்டான், பேராண்டி.

தமிழ்ல இந்தத் தொல்லை கிடையாது. முதலாளி எழுத்து, கூலியாள் எழுத்துன்னு நாம பிரிக்கல. கலெக்டர் பேருக்கும் ‘க’தான், கழுதைக்கும் ‘க’தான். அதனால நமக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்துங்கது துண்டுக்குக் கரை மாதிரி. இருந்தா பார்வையா இருக்கும், இல்லாட்டியும் துண்டு துண்டுதான். உன் கையெழுத்தே அப்படித்தான், தோணுன எடத்துல பெரிசு, தோணாத எடத்துல சிறிசு. மெஷினுக்கு அப்படி இல்ல. அதுக்கு எழுத்தே தெரியாது, நம்பர்தான் தெரியும். ‘ஆஸ்கி’ன்னு ஒரு பட்டியல். அதுல பெரிய ‘ஏ’ 65. சின்ன ‘ஏ’ 97. நடுவுல 32 வித்தியாசம், அதாவது ஒரே ஒரு பிட்டு. நீயும் நானும் பாக்கும்போது அண்ணன் தம்பி. மெஷின் பாக்கும்போது 65-ஆம் நம்பர் வீடு, 97-ஆம் நம்பர் வீடு. 65-ஆம் வீட்டுக் கதவைத் தட்டி 97-ஆம் வீட்டுக்காரனைக் கேட்டா, "இங்க அப்படி யாரும் இல்ல"ன்னுதான் சொல்லும். அது பொய்யா?

சரி, உன் கதைக்கு வா. நம்ம அம்மன் கோயில் கொடைக்கு நீ ஒரு வெப்சைட் பண்ணுன. நல்ல காரியம். ஊரே மெச்சுச்சு. இப்போ முதல் நாள் கொடைப் படம் எல்லாம் வருது, ரெண்டாம் நாள் படம் ஒண்ணுகூட வரல. வில்லுப்பாட்டு வருது, முளைப்பாரி வரல. அப்படித்தானே? எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. ராத்திரி பூரா உன் கூட்டாளிகிட்ட ஃபோன்ல பொலம்புனியே, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். வயசானவன் கண்ணை மூடுனா தூங்குதான்னு நினைக்கது உங்க தலைமுறைக்கு வந்த வியாதி.

இப்ப நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. அப்டேட் போட்டதும் கெட்டுப் போச்சா, இல்ல அப்டேட் பாதியில நின்னு, டிஸ்க்கையே அழிச்சுப் புதுசாப் போட்டியா? ஆங், அழிச்ச. அழிக்கும்போது என்ன ஃபார்மேட் வேணும்னு பட்டியல் காட்டுச்சா? அதுல வெறும் ‘ஏபிஎஃப்எஸ்’ இருந்திருக்கும், பூட்டு போட்டது ஒண்ணு இருந்திருக்கும், ‘கேஸ் சென்சிட்டிவ்’னு ஒண்ணு இருந்திருக்கும். நீ எதைத் தொட்ட? தலையைச் சொறியாதே, சொல்லு. சென்சிட்டிவ்னதும் நல்ல உணர்ச்சியுள்ள டிஸ்க்குன்னு நினைச்சுட்டியாக்கும்!

பெரிசு சிறிசு பாக்காத டிஸ்க் தாராளம், பாக்குத டிஸ்க் கறார்; சும்மா அப்டேட் போட்டா இந்தக் குணம் மாறாதுலே. 2017-ல மேக்குக்கு ‘ஹை சியரா’ வந்தப்போ பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ்ஸை ஏபிஎஃப்எஸ்ஸா மாத்துனாங்க. அப்பவும் தாராளமா இருந்தது தாராளமாவே இருந்துச்சு, கறாரா இருந்தது கறாராவே இருந்துச்சு. மேக்குக்காரன் 1985-ல இருந்தே தாராளம்தான். நீ ‘கே’வைப் பெரிசாப் போட்டா பெரிசாவே எழுதி வச்சுக்கிடும், சிறிசாக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். கறாரான வகை 2003-ல தனியா வந்துச்சு, கேட்டாத்தான் கிடைக்கும். அதே கம்பெனி செல்ஃபோனுக்குள்ள இருக்கது கறார். ஒரு வீட்டுல மூத்தவன் கோயில் மாடு, இளையவன் செக்கு மாடு.

விண்டோஸ் எனக்கு நல்லாத் தெரியும். ஈய எழுத்துக்கு வேலை போன பெறகு டிடிபி கத்துக்கிட்டு 12 வருஷம் எலியை உருட்டுனேன். அதுக்கு முந்தி டாஸ் காலத்துல பேருக்கு எட்டு எழுத்து, புள்ளி, மூணு எழுத்து, அவ்வளவுதான். நீ எப்படி அடிச்சாலும் கேப்பிட்டலா மாத்தி வச்சுக்கிடும். 1995-ல நீளப் பேரு வந்துச்சு, நீ எழுதுனபடி காட்டுச்சு, ஆனா தேடும்போது வித்தியாசம் பாக்காது. இன்னைக்கும் அப்படித்தான். 2018-ல போல்டர் போல்டராக் கறாரா வச்சுக்கிட ஒரு வழி விட்டான், அதைத் தேடிப் போறவன் எல்லாம் உன்னை மாதிரி ஆளுதான்.

யூனிக்ஸ் வம்சம் வேற. 1969-ல பெல் லேப்ஸ்ல பொறந்த நாள்ல இருந்து அது ஒரே பேச்சு. பெரிசு வேற, சிறிசு வேற. லினக்ஸ் அதே வழி. உன் வெப்சைட்டைத் தாங்குத சர்வர் லினக்ஸ்தானே? அங்கயும் கறார்தான். இதுல ஒரு கூத்து சொல்லுதேன் கேளு. அந்தக் காலத்துல டெலிடைப் 33-ன்னு ஒரு மெஷின், அதுல கேப்பிட்டல் மட்டும்தான் அடிக்க வரும். ஆஸ்கியே 1963-ல வந்தப்போ சின்ன எழுத்து கிடையாது, 1967 திருத்தத்துலதான் சேந்துச்சு. அதனால எவனாச்சும் தம் பேரைக் கேப்பிட்டல்ல அடிச்சு உள்ள நுழைஞ்சா, யூனிக்ஸ் என்ன நினைக்கும்? "பாவம், ஏழை மெஷின்ல வந்திருக்கான்"னு எரக்கப்பட்டு, அதுக்குப் பெறகு எல்லாத்தையும் கேப்பிட்டல்லயே பேசும். வேட்டி நுனி கிழிஞ்சவனைப் பாத்து பந்தியில ரெண்டு கரண்டி கூடப் போடுவாமே, அந்த மாதிரி.

உன் பழைய டிஸ்க் இருக்கே, அது உங்க ஆச்சி. "ஆச்சீ"ன்னு கூப்பிட்டாலும் இட்லி வரும், "ஏ கெழவி"ன்னு கூப்பிட்டாலும் இட்லி வரும். புதுசு ஆபீஸ் கவுண்டர். எம் பேருக்கு முன்னால இனிஷியல் போட்டு ஆதார்ல இருக்கு. பேங்க் புக்குல இனிஷியல் பின்னால இருக்கு. ஒரு ஆபீஸ்ல என்னைப் பாத்துக்கிட்டே ஒரு அம்மா சொல்லுதா, "தாத்தா, இது ரெண்டு பேரு." நான் ஒத்தை ஆளு நிக்கேன், அவ ரெண்டு பேருங்கா. மூணு மாசம் நான் எனக்கே பங்காளியாத் திரிஞ்சேன். அந்த அம்மா மேல கோவப்பட்டு என்ன செய்ய? முதல்ல எழுதுனவன் ஒழுங்கா எழுதியிருக்கணும்.

சரி, உன் டிஸ்க் ஆச்சியா, கவுண்டர் அம்மாவான்னு எப்படிக் கண்டுபிடிக்க? அதுக்கு ஒரு கமாண்டு இருக்கு, ‘டிஸ்க்யூட்டில் இன்ஃபோ’ன்னு அடிச்சா ‘பெர்சனாலிட்டி’ன்னு ஒரு வரியில குணத்தைச் சொல்லும். ஆமாலே, டிஸ்க்குக்கும் பெர்சனாலிட்டி உண்டு; உனக்குத்தான் இல்ல. அதைவிட லேசான வழி, ஒரு காலி போல்டர்ல பெரிய ‘டி’ போட்டு ‘டெஸ்ட்’னு ஒரு ஃபைல் உண்டாக்கு. பெறகு சின்ன ‘டி’ போட்டு இன்னொண்ணு உண்டாக்கு. எண்ணிப் பாரு. ஒண்ணுதான் இருந்தா ஆச்சி. ரெண்டு இருந்தா கவுண்டர். போடு பாப்போம்… ரெண்டு. முடிஞ்சுதா?

இப்ப ரெண்டாம் நாள் படம் ஏன் வரலைங்கதுக்கு வா. டெர்மினலைத் தொற, போல்டர் பட்டியலை எடு. பொம்மை பொம்மையாக் காட்டுத ஜன்னலை நம்பாதே, அது ஃபைல் பேரோட வாலை மறைச்சு வச்சுக்கிடும். எழுத்து எழுத்தாப் படி. நான் ப்ரூஃப் பாக்கும்போது வார்த்தையாப் படிக்க மாட்டேன். வார்த்தையாப் படிச்சா மூளை தப்பை எல்லாம் தானே திருத்திக்கிடும். ஒரு ஒரு எழுத்தா விரலு வச்சுத்தான் போவேன். என்ன இருக்கு? இங்கிலீஷ்ல பெரிய ‘கே’ போட்டு ஒரு ‘கொடை’ போல்டர், சின்ன ‘கே’ போட்டு ஒரு ‘கொடை’ போல்டர். ஒரு ஊருக்கு ஒரு வருஷத்துல ரெண்டு கொடையாலே? பெரிய ‘கே’யைத் தொறந்து பாரு, முதல் நாள் படம் மட்டும். சின்ன ‘கே’யைத் தொற, ரெண்டு நாள் படமும் இருக்கு. உன் வெப் பக்கத்துல எல்லாத்துக்கும் பெரிய ‘கே’ எழுதி வச்சிருக்க. அப்போ முளைப்பாரி எப்படி வரும்? அது பக்கத்து வீட்டுல உக்காந்திருக்கு.

இது எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லுதேன். ‘கிட்’டுன்னு ஒரு கணக்குப்புள்ள வச்சிருக்கியே, எந்த ஃபைல் எப்போ மாறுச்சுன்னு பேரேடு எழுதுதவன். லினக்ஸைப் பெத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல உண்டாக்குனது. முதல் நாள் கொடை முடிஞ்சதும் பெரிய ‘கே’ போட்டு பேரேட்டுல ஏத்திட்ட. மறுநாள் உனக்கு என்னமோ ஞானம் வந்து ஜன்னல்ல போல்டர் பேரைச் சின்ன ‘கே’யா மாத்துன. பழைய டிஸ்க் ஆச்சியாச்சே, கணக்குப்புள்ளைக்கு மாத்துனதே தெரியல. ‘இக்னோர்கேஸ்’னு அவங்கிட்ட ஒரு திருகு இருக்கு; டிஸ்க் தாராளமா இருந்தா அவனே அதைப் போட்டு வச்சுக்கிடுவான். "மாத்துனது ஏறலையே"ன்னு நீ எவங்கிட்டயோ கேட்ட, அவன் "அந்தத் திருகை அணைச்சிரு"ன்னான். நீயும் அணைச்ச. அதைத் தொட்டா என்ன ஆகும்னு சொல்ல முடியாதுன்னு கிட்டோட கையேட்டுலயே எழுதியிருக்கு. யாரு படிக்கா? அணைச்சதும் கணக்குப்புள்ள சின்ன ‘கே’யைப் புது போல்டர்னு நினைச்சு அத்தனையையும் மறுபடி ஏத்திட்டான். பழைய பெரிய ‘கே’யையும் அடிக்கல. பேரேட்டுல ரெண்டு குடும்பம், டிஸ்க்குல ஒரு வீடு. ஆச்சி இருந்தவரைக்கும் மூடி மறைச்சா. நீ டிஸ்க்கை அழிச்சு, கிட்ல இருந்து எல்லாத்தையும் இறக்குனியா, ரெண்டு குடும்பமும் ரெண்டு வீடு கேட்டு வந்து நிக்கி. அப்டேட் போட்டவன் இதுல எங்க வந்தான்?

சிரிக்காதே, இது உனக்கு மட்டும் நடந்ததில்ல. மேக்ல பெரிய பெரிய ஆளுக எல்லாம் விழுந்த குழி ஒண்ணு இருக்கு. ‘ஹெட்’டுன்னு சின்ன எழுத்துல ஒரு கமாண்டு, ஃபைலோட தலையில பத்து வரியைக் காட்டும். யூனிக்ஸ்காரன் அது இல்லாம பல்லுகூட விளக்க மாட்டான். பெர்ல் மொழிக்கு வெப் வேலைக்குன்னு ‘எல்டபிள்யூபி’ன்னு ஒரு மூட்டை உண்டு. அதுக்குள்ள கேப்பிட்டல்ல ஒரு ‘ஹெட்’டு, வெப் பக்கத்தோட தலைப்பு விவரத்தைக் கொண்டுவரும். லினக்ஸ்ல ரெண்டும் அதுஅது பாட்டுக்கு வாழ்ந்துச்சு. மேக்ல அதை ஏத்துனவன் கதி? தாராள மனசுக்கார டிஸ்க், "ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு புது ஹெட்டைப் பழைய ஹெட்டு மேலயே எழுதிட்டு. அதுக்குப் பெறகு ஃபைலைக் காட்டுடான்னா அது இன்டர்நெட்டுக்கு ஓடும். தாராளத்துலயும் வெனை உண்டு. உன் கவுண்டர் அம்மாவைத் திட்டுததுக்கு முன்னால இதை நினைச்சுக்கோ.

இன்னொண்ணு. லினக்ஸ் கெர்னலோட மூல நிரலை மேக்ல இறக்கிப் பாரு. நெட்ஃபில்டர்னு ஒரு பகுதி. அதுல ‘டிசிபிஎம்எஸ்எஸ்’னு கேப்பிட்டல்ல ஒரு ஃபைலு, அதே பேருல சின்ன எழுத்துல ஒரு ஃபைலு. பைத்தியக்காரத்தனம்னு நினைச்சேன், அப்படி இல்ல. கேப்பிட்டல்காரன் பாக்கெட்டைப் பிடிச்சு மாத்துதவன். சின்ன எழுத்துக்காரன் சும்மா பொருந்துதான்னு பாத்துச் சொல்லுதவன். அவன் தலையாரி, இவன் சாட்சி. தாராள டிஸ்க்குல இறக்குனா ரெண்டுல ஒருத்தன்தான் மிஞ்சுவான். இப்பல்லாம் கிட் "இன்னின்ன பேரு மோதுது"ன்னு எச்சரிக்கை சொல்லுது. 2014 டிசம்பர்ல இன்னும் மோசம். ‘டாட் கிட்’டுங்கது அவனோட சொந்தப் பெட்டி, அதுல எவனும் கை வைக்கப்படாதுன்னு காவல் போட்டிருந்தாங்க. ‘ஜி’யைப் பெரிசாப் போட்டு ஒரு போல்டர் அனுப்புனா காவலைத் தாண்டிருது, தாராள டிஸ்க்குல போய் அதே பெட்டிக்குள்ள விழுந்துருது. அவசர அவசரமா ஒட்டுப் போட்டாங்க.

அப்போ எல்லா டிஸ்க்கும் கறாரா இருந்தா நல்லதா, தாராளமா இருந்தா நல்லதான்னு கேப்ப. எனக்குக் கறார்தான் சரின்னு படுது. கம்பாசிட்டர் புத்தி. லினஸும் நம்ம கட்சிதான், தாராளக்காரனைப் பல தடவை வெளிப்படையாத் திட்டியிருக்கார். ஏன்னா எந்த எழுத்துக்கு எது சின்னதுங்கது நாட்டுக்கு நாடு மாறும்லே. துருக்கிக்காரனுக்கு ‘ஐ’ எழுத்துல புள்ளி வச்சது ஒண்ணு, புள்ளி இல்லாதது ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியாப் பெரிசும் சிறிசும் உண்டு. இங்கிலீஷ்காரன் புள்ளி வச்ச சின்ன ‘ஐ’க்கு புள்ளியில்லாத பெரிய ‘ஐ’தான் ஜோடிங்கான். எவன் சொல்லைக் கேட்டு ரெண்டும் ஒண்ணுன்னு மெஷின் முடிவு பண்ணும்? சம்பந்தி சண்டையில மெஷினை மத்தியஸ்தம் வைக்கப்படாது.

ஆனா உன் வீட்டு நடப்புக்கு அது ஒத்துவராது. நீ காசு கொடுத்து வாங்குன ஒரு சாஃப்ட்வேர், கறார் டிஸ்க்குல ஏற மாட்டேன்னு அடம் பிடிக்குதுல்ல. எழுதுனவன் உன்னை மாதிரி ஆளு. உள்ளுக்குள்ள ஒரு எடத்துல பெரிசு, ஒரு எடத்துல சிறிசு. அதனால சிஸ்டம் இருக்குத மெயின் டிஸ்க்கு ஆச்சியாவே இருக்கட்டும். கறாரைத் தாராளமா அப்படியே மாத்த முடியாது, அழிச்சுத்தான் போடணும். இந்தத் தடவை பட்டியல்ல முதல் ஐட்டத்தைத் தொடு. உன் வேலைக்கு மட்டும், அதே டிஸ்க்குக்குள்ள இன்னொரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் சேத்து அதைக் கறாரா வையி. எடத்தைப் பங்கு போட வேண்டியதில்ல, ரெண்டும் ஒரே களஞ்சியத்துல இருந்து எடுத்துக்கிடும். வீட்டுக்குள்ள ஆச்சி, வயக்காட்டுல கவுண்டர் அம்மா. நீ செஞ்சு வச்சிருக்கது தலைகீழ்.

அழிக்கதுக்கு முன்னால, கறார் டிஸ்க் கையில இருக்கும்போதே பஞ்சாயத்தை முடி. ரெண்டு வீடும் தனித்தனியாத் தெரியுதது இங்கதான். முழுசா ஒரு காப்பி வெளி டிஸ்க்குல எடுத்து வையி. அந்த வெளி டிஸ்க்கும் கறாரான்னு டெஸ்ட் போட்டுப் பாரு. தாராளமா இருந்தா காப்பி எடுக்கும்போதே ஒருத்தன் இன்னொருத்தன் மேல ஏறிருவான். எடுத்தாச்சா? பெரிய ‘கே’யில இருக்க படம் எல்லாம் சின்ன ‘கே’யிலயும் அச்சு அசலா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாத்துட்டுப் பெரிய ‘கே’யைத் தூக்கு. வெப் பக்கத்துல எல்லா எடத்துலயும் சின்ன ‘கே’யாத் திருத்து. வேற எங்கயாச்சும் இப்படி ரெட்டைக் குடும்பம் ஒளிஞ்சிருக்கான்னு பாக்க, அத்தனை பேரையும் சின்ன எழுத்தா மாத்தி வரிசைப்படுத்தி, ஒரே பேரு ரெண்டு தடவை வருதான்னு எண்ணச் சொல்லு. ஒரு வரிக் கமாண்டு, உனக்குத் தெரியும். இனிமே தாராள டிஸ்க்குல எழுத்தை மாத்தணும்னா ரெண்டு எட்டா மாத்து. முதல்ல சம்பந்தமே இல்லாத ஒரு பேரு, பெறகு வேண்டிய பேரு, ரெண்டையும் கிட் வழியாவே மாத்து. அவன் கண்ணு முன்னால நடந்தாத்தான் பேரேட்டுல ஏத்துவான். அந்தத் திருகை இனிமே தொடாதே, டிஸ்க்கைப் பாத்து அவனே போட்டுக்கிடுவான்.

கேமராப் படம் எல்லாம் வால் கேப்பிட்டல்லயே வரும், ‘டாட் ஜேபிஜி’ன்னு பெரிய எழுத்துல. டாஸ் காலத்து எட்டு-மூணு கணக்கை இன்னும் விடாமப் பிடிச்சிருக்கான். நீ பக்கத்துல சின்ன எழுத்துல எழுதியிருக்க. அதையும் ஒரே மூச்சுல சின்னதா மாத்திரு. சர்வர்ல அப்பாச்சி ஓடுதுன்னா எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கிட்டு சரியான பக்கத்துக்கு அனுப்பி வைக்க ஒரு துணைநிரல் உண்டு, ‘மாட் ஸ்பெலிங்’. அதோட பேருல ரெண்டு ‘எல்’ வரணும், ஒண்ணுதான் இருக்கு. எழுத்துப் பிழை திருத்துதவன் தன் பேரையே பிழையா எழுதி வச்சுக்கிட்டு நிக்கான். எனக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா உன் சோம்பலுக்கு அவனைக் கூலிக்கு வைக்காதே.

நிக்கு, ஓடாதே. கடைசி போல்டர் ஒண்ணு இருக்கு. பழைய பேக்கப் டிஸ்க்குல இருந்து எடுத்து ஏத்துனது, பேரைத் தமிழ்லயே ‘கொடை’ன்னு வச்சிருக்க. தமிழ்ல பெரிசு சிறிசு இல்ல, இதுல எந்த வம்பும் வராதுன்னு நினைச்ச. உன் மடியில இருக்க பெட்டியில திறக்குது, சர்வர்ல திறக்கல. இங்கதான் தாத்தா வேணும்.

‘கொ’ எழுத எனக்கு எத்தனை ஈய எழுத்து வேணும் தெரியுமா? மூணு. முதல்ல கொம்பு, பெறகு ‘க’, பெறகு கால். கம்ப்யூட்டர்ல யூனிகோடு வந்த பெறகு ‘க’ எழுதி, அதுக்கு மேல ஒகரக் குறி ஒண்ணு போட்டா முடிஞ்சுது. ஆனா அதே ஒகரத்தை எகரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம். ரெண்டும் திரையில அச்சு அசலா ‘கொ’தான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விரலு வச்சுப் படிச்சாலும் தெரியாது. பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் டிஸ்க்கு எல்லாப் பேரையும் பிரிச்சுத்தான் எழுதி வைக்கும். நீ கீபோர்டுல அடிச்ச வெப் பக்கத்துல சேந்த எழுத்து. ஏபிஎஃப்எஸ் ரெண்டும் ஒண்ணுன்னு ஏத்துக்கிடும், கறார் வகையும்தான். லினக்ஸ் சர்வர் பைட்டை எண்ணிப் பாக்கும், அதுக்கு ரெண்டும் வேற வேற ஊருக் கொடை.

இந்த மாதிரி ஒரு அப்டேட்டை நான் அனுபவிச்சிருக்கேன்லே. 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில பெரியார் எழுத்துன்னு 13 எழுத்தை மாத்துனாங்க. ‘லை’, ‘னை’க்கெல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சு ஒத்தை எழுத்தா இருந்ததை எடுத்துட்டு, மத்த எழுத்து மாதிரி முன்னால ஐகாரக் குறி போடச் சொன்னாங்க. என் தட்டுல அந்த எழுத்து அறையெல்லாம் காலி. பழக்க தோஷத்துல கை அந்தக் காலி அறைக்குள்ளயே போய்ட்டு வெறுங்கையா வரும். ஆனா படிக்கவனுக்கு ஒரு தொல்லையும் இல்ல. பழைய ‘லை’ போட்ட புத்தகத்தையும் படிச்சான், புது ‘லை’ போட்ட பேப்பரையும் படிச்சான், மலை மலையாவே இருந்துச்சு. மனுசக் கண்ணு எப்பவும் தாராளம்.

அதனால சர்வருக்குப் போற ஃபைலுக்குத் தமிழ்ப் பேரு வேண்டாம்னு சொல்ல மனசு வரல, ஆனா சொல்லுதேன். உள்ள இருக்க எழுத்தெல்லாம் தமிழா இருக்கட்டும், கதவு நம்பர் மட்டும் இங்கிலீஷ்ல சின்ன எழுத்து, நடுவுல காலி எடம் விடாம சின்னக் கோடு. அச்சாபீஸ்ல ஈயத்தோட எடைக்குக் கூலி வாங்குனவன் சொல்லுதேன், பேருல அலங்காரம் பண்ணாதே.

உங்க ஆச்சி மூணாம் தடவை எட்டிப் பாக்கா. போய்ச் சாப்பிட்டுட்டு உக்காந்து முடி. எல்லாத்தையும் திருத்துன பெறகும் உன் மாமன் முளைப்பாரி தூக்கிட்டுப் போற படம் மட்டும் வராது, இப்பவே சொல்லிட்டேன். அதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்ல. அது அவன் வாட்ஸ்அப்புல அனுப்புனது, வால் ‘ஜேபிஈஜி’. நீ ‘ஜேபிஜி’ன்னு எழுதியிருக்க.